மாவு விற்கத் தொடங்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் செலவைக் குறைப்பது, வீட்டிலிருந்தே சம்பாதிப்பது பற்றிய கட்டுரைகள் நாளிதழ்களின் பெண்கள் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. அவற்றில் மாத வருமானம் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் இருக்கும். அரிசி என்ன விலை, மின்கட்டணம் எவ்வளவு கூடும், விற்காமல் மிஞ்சியதை என்ன செய்வது என்பது மட்டும் இருக்காது. மகளிர் குழுக்களில் கடன் வாங்கிச் சிறுதொழில் தொடங்கும் பெண்களின் வரவு செலவு நோட்டைப் பார்த்துத் தருகிறவர்கள் நாங்கள். செலவு குறைப்பதையும் சம்பாதிப்பதையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் பல வீடுகளில் இரண்டுமே கைகூடுவதில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். இட்லி மாவு வியாபாரத்தையும் மின்கட்டணத்தையும் வைத்தே அதை விளக்கிவிடலாம்.

முதலில் மின்கட்டணம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பிறகு வந்த மாற்றங்களை அவரவர் ரசீதில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கட்டணப்படி 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் கட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 101 முதல் 200 வரைக்குமான 2.25 ரூபாய்ச் சலுகையும் போய் அங்கேயே 4.50 ஆகிவிடும். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுதல்!

அதனால் 480 யூனிட் வீட்டுக்கும் 560 யூனிட் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 80 யூனிட் அல்ல. முன்னது 1,605 ரூபாய், பின்னது 2,430 ரூபாய். 825 ரூபாய் வித்தியாசம்.

இந்த 80 யூனிட்டைக் குறைக்கப் பெரிய தியாகம் எதுவும் வேண்டாம். பழைய சீலிங் ஃபேன் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும் பிரஷ் இல்லாத மோட்டார் ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிற ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். அதிகம் ஓடுகிற இரண்டு ஃபேன்களை மாற்றினாலே 80 யூனிட் வந்துவிடும். மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ரெகுலேட்டர் வழியாகவே இணைப்புக் கொடுத்துவிட்டால் ஃபேன் உறுமும். நாளடைவில் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை கெட்டுப்போகும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். விருந்தினர் வந்தால் மட்டும் சுற்றுகிற ஃபேனை மாற்றுவதில் பயனில்லை. போட்ட காசு திரும்பாது.

அடுத்து தண்ணீர் மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கு மேல் ஆகும். கழிப்பறைத் தொட்டியில் சத்தமில்லாமல் ஒழுகும் தண்ணீர், அடிவால்வு பிடிக்காமல் குழாயில் இறங்கிப்போகும் தண்ணீர், மேல்தொட்டி நிரம்பி வழிவது எல்லாமே மின்சாரமாகத்தான் ரசீதில் வந்து நிற்கும். தொட்டியில் மிதவை சுவிட்ச் வைத்துவிட்டால் நிரம்பி வழிவதற்கு ஒரு முடிவு கட்டலாம்.

கணக்கெடுப்பாளர் வந்துபோன நாளிலிருந்து முப்பதாம் நாள் மீட்டரை நீங்களே பாருங்கள். திரையில் எண்கள் மாறி மாறி வரும், கே.டபிள்யூ.எச். என்று காட்டும் எண்தான் யூனிட். அட்டையிலோ கடைசி ரசீதிலோ உள்ள எண்ணைக் கழித்துப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் மீதி முப்பது நாளில் பிடித்துக்கொள்ள இன்னும் வழி இருக்கிறது. ரசீது வந்தபிறகு பார்த்துப் பயனில்லை.

இப்போது மாவுக்கு வருகிறோம். 825 ரூபாய் மிச்சம் என்பதன் மதிப்பு மாவு விற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ முழு வெள்ளை உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். நன்றாக ஆட்டினால் ஏறத்தாழ 3 கிலோ மாவு காணும். அரிசி கிலோ 48 ரூபாய், உளுந்து கிலோ 140 என்று வைத்துக்கொண்டால் 48-ம் 35-ம் 83 ரூபாய். உப்பு, வெந்தயம், மின்சாரம், சிந்தல் சிதறல் எல்லாம் சேர்த்து 7 ரூபாய். 3 கிலோவுக்கு 90, கிலோவுக்கு 30 ரூபாய் அடக்கம். தெருவில் 45 ரூபாய்க்கு விலை போனால் கிலோவுக்கு 15 ரூபாய் கையில் நிற்கும். அப்படியென்றால் அந்த 825 ரூபாயை மாவில் சம்பாதிக்க 55 கிலோ ஆட்ட வேண்டும். ஃபேனை மாற்றிவிட்டு, அந்த 55 கிலோவையும் ஆட்டுகிறவர்தான் உண்மையில் முன்னேறுகிறார்.

இதில் பலரும் சறுக்குவது ஃபிரிட்ஜ் விஷயத்தில். வியாபாரம் சூடுபிடித்ததும் மாவு வைக்க இரண்டாவதாகப் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள். நாளுக்கு ஒரு யூனிட் என்றாலும் இரண்டு மாதத்தில் 60 யூனிட். 480-இல் இருந்த வீடு 540-க்குப் போகும்; கட்டணம் 1,605-இலிருந்து 2,270 ஆகும். அந்த 665 ரூபாயை ஈடுகட்டவே 44 கிலோவுக்கு மேல் ஆட்டி விற்க வேண்டும். ஃபிரிட்ஜ் விலை தனி. கிரைண்டர் அப்படியல்ல. இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டர் 150 வாட் அளவில்தான் இழுக்கும். தினம் 10 கிலோ மாவு ஆட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்டைச் சுற்றித்தான் ஆகும். ஆகவே ஆட்டி அடுக்கி வைத்து விற்காதீர்கள். முதல் நாளே யாருக்கு எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் ஊறப்போடுங்கள்.

நேரமும் முக்கியம். மாவை மாலை 5 மணிக்கு மேல் கொடுத்தால் அது வாங்கியவர் வீட்டில் இரவில் புளித்துக் காலையில் இட்லிக்குத் தயாராகும். காலையிலேயே ஆட்டி வைத்தால் சித்திரை வெயிலில் மாலைக்குள் பொங்கிவிடும். வாங்கியவர் வீட்டில் காலையில் எடுத்தால் புளிப்பு. அரிசியைக் காலை 9 மணிக்கு ஊறப்போட்டு, ஒரு மணிக்கு மேல் ஆட்டத் தொடங்குவது நல்லது. உளுந்து ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். அதற்கு மேல் ஊறினால் பசைத்தன்மை தண்ணீரோடு போய்விடும், மாவு காணாது. உளுந்தை முதலில் போட்டு, குளிர்ந்த தண்ணீரைக் கைக்கரண்டி கைக்கரண்டியாகத் தெளித்து அரை மணி நேரம் ஆட்டுங்கள். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். முதலிலேயே தண்ணீரைக் கொட்டிவிட்டால் உளுந்து நகர்ந்துகொண்டே இருக்கும், பொங்கி வராது. அரிசி நைசாகக் கூடாது, ரவைப் பதம் கொஞ்சம் இருக்க வேண்டும்.

புது உளுந்து நன்றாகக் காணும். பழைய உளுந்து காணாது. கிலோவுக்கு 10 ரூபாய் மலிவு என்று பழைய உளுந்தை வாங்கினால் கால் கிலோவில் மிச்சம் இரண்டரை ரூபாய். மாவோ 3 கிலோவுக்குப் பதில் 2.7 கிலோ வந்தால், 45 ரூபாய் விலையில் பதின்மூன்றரை ரூபாய் நஷ்டம். அந்தக் குறையைத் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இட்லி தட்டையாக வரும். அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். சோடா உப்பு போடுவது, மிஞ்சிய மாவைப் புது மாவில் கலப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். பழைய மாவு ஒரு கரண்டி கலந்தாலும் புது மாவு சீக்கிரம் புளித்துவிடும். மிஞ்சியதை உங்கள் வீட்டில் ஊத்தப்பமாகவோ பணியாரமாகவோ ஆக்கிவிடுங்கள்.

புதுக் கிரைண்டர் வாங்கினால் முதலில் பழைய அரிசியைப் போட்டு இரண்டு மூன்று தடவை ஆட்டிக் கொட்டிவிட வேண்டும். கல்தூள் போக அதுதான் வழி. நாள்பட்ட கல் வழுவழுப்பாகிவிட்டால் அரைபட நேரம் பிடிக்கும், மாவு சூடேறும். சூடேறிய மாவு சீக்கிரம் புளிக்கும். அப்போது கல் கொத்துகிறவரைக் கூப்பிட வேண்டும். மோட்டாரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. நாளுக்கு 15 கிலோவுக்கு மேல் நிலையான கேட்பு வரும்வரை பெரிய சாய்க்கும் கிரைண்டர் வாங்கக் கடன் எடுக்க வேண்டாம் என்றே சொல்வோம். அப்படி வாங்கும் நிலை வந்தால், வீட்டு இணைப்பிலேயே ஓட்டலாமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

தினம் 10 கிலோ ஆட்டினால் 150 ரூபாய். ஊறப்போடுவது, ஆட்டுவது, கழுவுவது, அளந்து கொடுப்பது எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் போகும். இந்தக் கணக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது பெரிய பணமில்லை. ஆனால் முன்பணம் குறைவு, கடன் தேவையில்லை, எரிவாயு செலவே கிடையாது. இட்லியாகச் சுட்டு விற்றால் லாபம் அதிகம் என்பார்கள். உண்மைதான், ஆனால் வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் இட்லிக்குப் போக வேண்டும்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு மாநிலத்தில் தடை இருக்கிறது. தூக்குவாளியோ டப்பாவோ கொண்டுவரச் சொல்லுங்கள். கவர் செலவும் மிச்சம். பாத்திரத்தில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம், இரவில் பொங்கி வழியும். எடைபோடும் தராசு எடையளவு முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். சமையலறைத் தராசு விற்பனைக்கு ஆகாது. உணவுப் பாதுகாப்புப் பதிவும் அவசியம். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்பவர்களுக்கு எளிய பதிவே போதும். 2011 விதிகளின்படி அதன் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஆன்லைனில் நாமே விண்ணப்பிக்கலாம். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டியதில்லை.

பங்குனி, சித்திரையில் வத்தல் வடகம் போடுவதும் நல்ல வரும்படிதான். உப்பை மட்டும் வாய்க்குக் குறைவாகப் போட வேண்டும். காயக் காய உப்பு தூக்கும். முதல் நாள் மேலே காய்ந்தது போலிருந்தாலும் துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரித்துத் திருப்பிப் போட்டு, இன்னும் இரண்டு வெயிலாவது காட்ட வேண்டும். இல்லாவிட்டால் டப்பாவில் பூசணம் பிடிக்கும்.

வரி விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயந்திரத்தை வாங்கிக்கொள்ளுங்கள், செய்கிற பொருளை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று கற்பூரம், விளக்குத்திரி, காகிதத்தட்டு இயந்திரங்களுக்கு வரும் விளம்பரங்களில் மோசடியும் கலந்திருக்கிறது. பென்சில் பேக்கிங், தட்டச்சு வேலை என்று பதிவுக் கட்டணமோ வைப்புத்தொகையோ கேட்பதும் அப்படியே. வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்கக் காரணமே இல்லை. இயந்திரம் வாங்கத்தான் வேண்டும் என்றால், அதே பொருளை ஊர்க் கடைகளில் எந்த விலைக்கு எடுப்பார்கள் என்று முதலில் மூன்று கடையில் விசாரியுங்கள். கடைக்காரர் சொல்லும் விலை மூலப்பொருள் விலைக்குக்கூடக் கட்டாது என்றால் அங்கேயே விட்டுவிடலாம். இணையத்திலோ கைப்பேசி வழியாகவோ பணம் கட்டி ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்புண்டு.

ஆசிரியருக்கு மூன்று வேண்டுகோள். சுயதொழில் கட்டுரை வரும்போது வருமானத்தோடு அடக்க விலையும் கிலோ கணக்கில் வரட்டும். வேலைவாய்ப்பு வரி விளம்பரப் பக்கத்தில் 1930 எண்ணை ஒரு கட்டமாகப் போடுங்கள். பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பு மறுநாள் எந்தெந்தப் பகுதிக்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முந்தைய நாள் காலைப் பதிப்பிலேயே கண்ணில் படும்படி வரட்டும். அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டபிறகு மின்சாரம் போனால் அன்றைய சரக்கு முழுவதும் வீண்.

இப்படிக்கு,
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்,
உறையூர், திருச்சி.