ஆங்கிலத் துறையில் மொழியியலுக்கும் உரிய இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வந்து கலைக் கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கிவிட்டால், ஆங்கிலப் பேராசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என்னிடம் ஊரிலுள்ள பெற்றோர் ஆண்டுதோறும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “பி.ஏ. இங்கிலீஷ்ல சேத்துவிட்டா புள்ள நல்லா இங்கிலீஷ் பேசிடுமாம்மா?” காவிரிப் படுகையில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவள் என்ற முறையில், இந்தக் கேள்விக்கு மனச்சான்றோடு ‘ஆம்’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நான் பணியாற்றிய துறையில் மாணவர்கள் மூன்றாண்டுகள் கவிதையும் நாடகமும் நாவலும் திறனாய்வும் படித்தார்கள். அந்த மொழி எப்படி ஒலிக்கிறது, எப்படிச் சொல்லாகிறது, எப்படி வாக்கியமாகிறது, எங்கிருந்து வந்தது என்பதை ஆராயும் மொழியியலைப் படிக்க அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாடத்தாள். அந்தத் தாளைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்தத் தாளில் ஐந்து யூனிட்கள் உண்டு. பேச்சுறுப்புகளின் படம், ஆங்கிலத்தின் இருபது உயிரொலிகளும் இருபத்து நான்கு மெய்யொலிகளும், மெய்யொலிகளின் மாற்றத்தைச் சொல்லும் கிரிம் விதி, ஆங்கில நெட்டுயிர்களின் ஒலிப்பு மாறிய பெரும் உயிரொலி மாற்றம், பிறமொழிகளிலிருந்து ஆங்கிலம் கடன் வாங்கிய சொற்கள் என்று அவற்றுக்குள் எல்லாம் அடங்கிவிடும். மாணவர்கள் இவற்றை நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்து எழுதினார்கள். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் நூற்றுக்கணக்கான தாள்களில் நான் கண்டது இது: பேச்சுறுப்புப் படம் வண்ணப் பென்சிலால் அழகாக வரையப்பட்டு, உள்நாக்குவரை பெயர் குறிக்கப்பட்டிருக்கும். அடுத்த பக்கத்தில் நான்கு எளிய சொற்களை ஒலிக்குறியில், அதாவது ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு குறியீடு வைத்து, எழுதச் சொன்ன கேள்வி காலியாகக் கிடக்கும். நாவின் நுனி, முன்பகுதி, பின்பகுதி என்று படத்தில் பிரித்துக் காட்டிய மாணவரிடம் ‘ல’ சொல்லும்போதும் ‘ள’ சொல்லும்போதும் உன் நாக்கு எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வராது. தன் வாயைப் பற்றித்தான் அந்தப் பாடம் பேசுகிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். தமிழ் வழியில் படித்துவந்த, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண். மற்ற தாள்களில் எப்படியோ தேறிவிட்டு, இந்த ஒரு தாளில் மட்டும் மூன்று முறை அரியர் வைத்திருந்தாள். ஒருநாள் வகுப்பு முடிந்தபின் அவளை உட்காரவைத்து, நோட்டிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு தாள் துண்டைக் கிழித்து அவள் உதட்டுக்கு முன் தொங்கவிட்டு, ‘பல்’ என்று சொல்லச் சொன்னேன். தாள் அசையவில்லை. குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘பின்’னைச் சொல்லச் சொன்னேன். அப்போதும் அசையவில்லை. பிறகு ஆங்கிலேயர் ஒருவரின் ஒலிப்பதிவை இரண்டு முறை கேட்கவைத்துவிட்டு, அதே போலக் காற்றை ஊதிச் சொல்லிப் பார் என்றேன். தாள் படபடத்தது. ‘ஸ்பின்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் சொன்னால் தாள் அசைவதில்லை என்பதையும் காட்டினேன். அதன்பின் தொண்டையில் இரு விரல்களை வைத்துக்கொண்டு ‘கப்பல்’, ‘கம்பம்’ என்று மாறி மாறிச் சொல்லச் சொன்னேன். முதல் சொல்லின் நடுவில் அதிர்வு விட்டுப்போவதையும், இரண்டாவதில் விடாமல் ஓடுவதையும் அவளே கண்டுபிடித்தாள். “ஒரே ‘ப’தானே மேடம், ரெண்டு சத்தம் வருதே?” என்று கேட்டாள்.

ஒலியன் (பொருளை மாற்றும் ஒலி), மாற்றொலி (இடத்துக்கேற்ப மாறினாலும் பொருளை மாற்றாத ஒலி வடிவம்) என்னும் அடிப்படைக் கருத்து முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தமிழில் ‘ப’ எந்த இடத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைச் சூழலே தீர்மானித்துவிடுவதால் நமக்கு இரண்டு எழுத்துகள் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிகளும் பொருளையே மாற்றுவதால் இரண்டு எழுத்துகள் தேவைப்படுகின்றன. நாம் காற்றின்றிச் சொல்லும் குண்டூசி, ஆங்கிலேயர் காதில் சில நேரம் குப்பைத்தொட்டியாக விழுவதும் இதனால்தான். தமிழ் எழுத்தில் இரண்டும் ‘பின்’ என்றே அமைவதைப் பாருங்கள். அந்த மாணவி அடுத்த தேர்வில் தேறினாள் என்பதைவிட, விடுதிக்குப் போய்த் தோழிகளின் வாய்க்கு முன்னெல்லாம் தாள் துண்டைப் பிடித்தாள் என்று கேள்விப்பட்டதே எனக்கு மகிழ்ச்சியளித்தது.

எங்கள் துறைக்கு அடுத்த அறையில் தமிழ்த் துறை இருந்தது. அங்கே தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் பிறப்பியல் நடந்துகொண்டிருக்கும். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டு இடங்களில் பொருந்தி எழுத்தாகப் பிறக்கிறது என்று அது சொல்கிறது. எங்கள் மாணவர்கள் வண்ணப் பென்சிலால் வரைந்த படத்தின் விளக்கவுரையே இது. வகரம் பல்லும் இதழும் இயைந்து பிறக்கும் என்றும் அது கூறுகிறது. ஆங்கிலத்தில் அப்படிப் பிறக்கும் வகரம் ஒன்று, இரு உதடுகளையும் குவித்துச் சொல்லும் வகரம் வேறொன்று. நம் மாணவர்கள் உள்ளாடையைக் குறிக்கும் ‘வெஸ்ட்’டையும் மேற்குத் திசையைக் குறிக்கும் ‘வெஸ்ட்’டையும் ஒன்றாகச் சொல்வது இந்த வேறுபாடு தெரியாததால்தான். பிறப்பியலின் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கினால் பத்து நிமிடத்தில் இது விளங்கிவிடும். ஆனால் இரு துறைகளுக்கும் இடையிலிருந்த சுவரை எந்தப் பாடத்திட்டமும் தாண்டியதில்லை.

நம் பிள்ளைகள் ‘இஸ்கூல்’ என்றும் ‘பஸ்ஸு’ என்றும் சொன்னால் ஆங்கில வகுப்பில் சிரிக்கிறார்கள். இது என்னை நெடுங்காலமாக வருத்திவந்திருக்கிறது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது, வல்லின மெய் சொல்லுக்கு இறுதியில் நில்லாது என்பது தமிழின் விதி. முதலில் ஓர் இகரத்தையும் இறுதியில் ஓர் உகரத்தையும் சேர்க்கும் அந்தக் குழந்தை, யாரும் சொல்லித்தராமலே தன் மொழியின் இலக்கணத்தை வேற்றுச் சொல்லின்மீது பிழையின்றிச் செலுத்துகிறது. கற்றுக்கொடுக்க வேண்டியது ஆங்கில ஒலிப்புதான், ஐயமில்லை. ஆனால் காரணத்தைச் சொல்லிக் கற்றுக்கொடுப்பதற்கும், ‘நாக்கு தடித்தவன்’ என்று சொல்லிக் கூனிக்குறுக வைப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. மொழியியல் படித்த ஆசிரியர் முதல் வழியில் செல்வார்.

பன்மையையும் இப்படியே நடத்தலாம். ஆங்கிலத்தில் எழுத்தில் ஒன்றாகவே தெரியும் பன்மை விகுதி, பூனைக்கு ஓர் ஒலியும் நாய்க்கு வேறோர் ஒலியும் குதிரைக்கு மூன்றாவதோர் ஒலியும் பெறுகிறது. மரங்கள், பூக்கள், கற்கள், முட்கள் என்று ‘கள்’ விகுதி சேரும் இடங்களைச் சந்தி விதியோடு பள்ளியிலேயே படித்துவிட்டு வந்த மாணவருக்கு இது புதிதே அல்ல.

கிரிம் விதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல என்னை அனுமதிக்க வேண்டும். ஜெர்மானிய மொழிகளின் மெய்யொலிகள் அவற்றின் உறவு மொழிகளிலிருந்து எவ்வாறு ஒழுங்காக மாறின என்பதை யாக்கோபு கிரிம் 1822-இல் வெளியிட்டார். எங்கள் மாணவர்கள் அதை இலத்தீன், கிரேக்கச் சொற்களோடு மனப்பாடம் செய்வார்கள். அந்த இரு மொழிகளிலும் ஒரு சொல்கூட அவர்களுக்குத் தெரியாது. நான் கரும்பலகையில் பிதா, பாதம், தந்தம், தசம் என்று நான்கு வடசொற்களை எழுதி, எதிரே ஃபாதர், ஃபுட், டூத், டென் என்று எழுதுவேன். பகரம் இருந்த இடத்தில் ஃபகரமும், தகரம் இருந்த இடத்தில் டகரமும் வரிசையாக வந்து நிற்பதை மாணவர்கள் தாமே கண்டு சொல்வார்கள். அதன்பின் அதே வரிசையில் மூன்றாவது பத்தியாக அப்பன், அடி, பல், பத்து என்று எழுதுவேன். இவை எதுவும் அந்த ஒழுங்கில் சேராது. ஏன் சேரவில்லை என்ற கேள்வியிலிருந்து திராவிட மொழிக்குடும்பம் என்னும் கருத்துக்குத் தானாகவே வழி திறக்கும். வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று அங்கே நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியது 1786-இல். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியின் பிள்ளைகள் அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்று சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் சான்றுகளோடு எழுதியது 1816-இல். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியாரின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வந்தது 1856-இல். கிரிம் விதி வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே சென்னையில் நடந்த ஒரு பெரும் மொழி ஆய்வு, தமிழ்நாட்டு ஆங்கிலத் துறையில் அந்த விதியைப் படிக்கும் மாணவரின் பாடத்தில் இல்லை என்பதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

நம் மாணவர்களுக்கு உண்மையிலேயே கடினமானது சொல்லழுத்தம், அதாவது சொல்லின் ஓர் அசையை மட்டும் அழுத்திச் சொல்வது. ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபர், ஃபோட்டோகிராஃபிக் என்ற மூன்று சொற்களில் அழுத்தம் முறையே முதல், இரண்டாம், மூன்றாம் அசையில் விழுகிறது. (யாப்பில் நாம் சொல்லும் அசை வேறு; இங்கே அசை என்பது ஓர் உயிரொலியைச் சுற்றி அமையும் ஒலித்துண்டு.) அழுத்தம் விலகிய அசையின் உயிர் மங்கி, இன்ன உயிர் என்று சொல்ல முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. தமிழில் பொருளை மாற்றும் சொல்லழுத்தம் இல்லை. ஆனால் உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்று பெயரிட்டுப் படித்த மரபு நமக்கு உண்டு. இரண்டும் ஒன்றல்ல, ஆயினும் உயிர் குறுகும் என்ற கருத்து நம் மாணவருக்குப் பழகியது. எந்தப் பாடத்துக்கு அதிக நேரம் தேவையோ அந்தப் பாடத்துக்கு எங்கள் பாடத்திட்டத்தில் அரைப் பக்கமே இருந்தது.

இதனால் விளையும் கேடு கல்லூரியோடு நின்றுவிடுவதில்லை. இன்று பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் பெண்களில் பலர் பி.எட். முடித்துப் பட்டதாரி ஆசிரியராகி, ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவர்கள். அங்கே முதல் நாளே தேவைப்படுவது ஒலியும் சொல்லமைப்பும் வாக்கிய அமைப்பும் பற்றிய அறிவு. அதை அவர்கள் ஒரே பருவத்தில் நோட்ஸாகப் படித்து, தேர்வோடு மறந்துவிட்டு வருகிறார்கள்.

மொழியியலை மேற்கொண்டு படிக்கலாம் என்ற செய்தியும் பலரை எட்டுவதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் தனித் துறைகள் உள்ளன. ஐதராபாத்தில் 1958-இல் தொடங்கிய ஆங்கில நிறுவனம் இன்று மத்தியப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வாகிய நெட் தேர்வில் ஆங்கிலம் ஒரு பாடம், மொழியியல் வேறொரு பாடம். இவற்றைச் சேர்க்கை நாளன்றே ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்?

இலக்கியத்தின் இடத்தைப் பறிக்கப் பார்க்கிறாயா என்று என் உடன்பணியாற்றியவர்கள் கேட்டதுண்டு. நானும் இலக்கியம் படித்து, அதை நேசித்து, அதையே பெரும்பகுதி நடத்தியவள்தான். ஒரு கவிதையின் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்கத் தெரியாத மாணவர், அதன் சந்தத்தைப் பற்றி எழுதும் விடை எவருடைய சொந்த விடையும் ஆகாது. மற்றொரு மறுப்பு, ஆங்கில வகுப்பில் தமிழ் பேசவே கூடாது என்பது. தமிழ் பேசினால் அபராதம் வாங்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு அந்த விதி ஓரளவு பொருந்தலாம். மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராயும் வகுப்பில், மாணவருக்கு முழுதாகத் தெரிந்த ஒரே மொழியை வெளியே நிறுத்திவிட்டு எதை வைத்து ஒப்பிடச் சொல்வது?

ஆகவே, பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் இது. ஆங்கில ஒலியியல், சொல்லும் வாக்கியமும், மொழி வரலாறு ஆகிய மூன்றுக்கும் தனித்தனித் தாள் ஒதுக்குங்கள். அவற்றில் ஒன்றையாவது தமிழ்த் துறையோடு சேர்ந்து நடத்துங்கள். வினாத்தாளில் பேச்சுறுப்புப் படத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை எடுத்து, மாணவர் தம் ஊரில் தம் செல்பேசியில் பதிவுசெய்த ஐந்து நிமிடப் பேச்சை ஒலிக்குறியில் எழுதி வருவதற்கு இன்டர்னல் மார்க்காகக் கொடுங்கள். ஆய்வகம் இல்லை, கருவி இல்லை என்று காரணம் சொல்ல வேண்டாம். தாள் துண்டு பாடத்தை நடத்த எனக்குத் தேவைப்பட்டவை நோட்டின் ஒரு பக்கமும் ஓர் ஒலிப்பதிவும் மட்டுமே. எந்தக் கல்லூரி அழைத்தாலும் அந்தப் பாடத்தை வந்து நடத்திக் காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.