விழா மேடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

விழாவில் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்ய மேடையேறிய நாங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது. கைதட்டல் எங்களுக்குக் கிடைத்துவிட்டது. அதில் பெரும்பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்பது பார்த்தவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறோம்.

முதல் நன்றி நாற்காலி போட்டவர்களுக்கு. 1947-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த கலை விழாவுக்கு அழைப்பில்லாமலே வந்த 8 நாடகக் குழுக்கள் கிடைத்த இடத்தில் நடித்தன. அழைப்பில்லாமலே கலைஞர்கள் மேடையேறும் ஃப்ரிஞ்ச் விழா அப்படித்தான் பிறந்தது. இன்றும் விழா என்றால் வகுப்பறையோ நிலவறையோ கூடாரமோ, எது அகப்படுகிறதோ அதுதான் அரங்கம். அங்கே சிரிப்பு எழுவதும் அடங்குவதும் பெரும்பாலும் நாற்காலியைப் பொறுத்தது. நடுவில் பாதை விட்டால் பேசுபவருக்கு எதிரே வெற்றுத் தரைதான் தெரியும். கூட்டமும் இரண்டாகப் பிளந்துவிடும். இந்தப் பக்கத்துச் சிரிப்பு அந்தப் பக்கம் தொற்றாது. நீங்கள் பாதையை இரு ஓரத்துக்கும் தள்ளி, முதல் வரிசையை மேடையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் கொண்டுவந்தீர்கள். 80 பேர் உட்காரும் கூடத்துக்கு 30 பேர்தான் வருவார்கள் என்று தெரிந்த பிற்பகல்களில், 45 நாற்காலிகளை அடுக்கி ஓரங்கட்டிவிட்டு 35 மட்டும் விட்டுவைத்தீர்கள். உட்கார்ந்தபின் முன்னே வரச் சொன்னால் எவரும் எழுந்திருக்க மாட்டார்கள். வாசலில் நின்று, உட்காரும் முன்பே வழிகாட்டியதால்தான் கூட்டம் நெருக்கமாக அமைந்தது.

கதவைக் காத்தவர்களே, தாமதமாக வந்தவர்களை அப்படியே உள்ளே விடாமல், சிரிப்பு எழும் நேரம் பார்த்துக் கதவைத் திறந்தீர்கள். பஞ்ச் விழப்போகும் நொடியில் பத்துத் தலைகள் வாசல் பக்கம் திரும்பினால் அந்த ஜோக் போனதுதான். ஒரு சின்ன வேலை போலத் தெரியும். எத்தனை ஜோக்குகளை அது காப்பாற்றியது என்று எங்களுக்குத் தெரியும்.

ஒலி பார்த்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாட்டுக்கு மைக் வைப்பது வேறு, பேச்சுக்கு வைப்பது வேறு. எங்களுக்குக் கடைசிச் சொல் தெளிவாக விழ வேண்டும். அது கேட்கவில்லையென்றால் முந்தைய நாற்பது நொடியும் வீண். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள முழக்கத்தை வெட்டி, மெய்யெழுத்துகள் பளிச்சென்று கேட்கும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் தூக்கி வைத்தீர்கள். ஸ்பீக்கர்களை மைக்குக்கு முன்னால் வைத்ததால் ஊளைச் சத்தம் வரவில்லை. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள் என்று புதியவர்கள் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னீர்கள். பொத்தினால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, மைக் நாலா பக்கத்துச் சத்தத்தையும் உறிஞ்சும், ஊளையிடும். வயர்லெஸ் மைக்குக்கு ஒவ்வொரு காட்சிக்கும் புது பேட்டரி, ஒயருள்ள மைக் ஒன்று ஸ்டாண்டிலேயே தயார். பக்கத்துக் கூடாரத்து டிரம்ஸை மட்டும் எந்தக் குமிழாலும் தடுக்க முடியாது. அதற்காக அந்தக் குழுவினரிடம் போய்ப் பேசி, அவர்கள் ஒத்திகை நேரத்தை மாற்ற வைத்தீர்கள். மாற்றித் தந்த அந்த இசைக் கலைஞர்களுக்கும் நன்றி.

விளக்குக்காரர்கள் பார்வையாளர் பகுதியை இருட்டாக்கினாலும் முதல் இரண்டு வரிசை முகங்கள் தெரியும்படி விட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கவில்லை என்றால் மனிதர்கள் இன்னும் தாராளமாகச் சிரிக்கிறார்கள். ஆனால் ஒரு முகமும் தெரியாமல் பேசுவது எங்களுக்குச் சுவரோடு பேசுவது போல.

பின்வரிசையில் டார்ச்சோடு நின்றவர்களே, ஒரு நிமிடம் மிச்சம் என்றால் ஒரு மின்னல், நேரம் முடிந்தால் விடாமல் வெளிச்சம் என்ற விதியை யாருக்காகவும் தளர்த்தவில்லை. ஆறு பேர் தலைக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசினால் 12 நிமிடம். அடுத்த காட்சிக்குக் கூடத்தைக் காலி செய்து மாற்றக் கிடைப்பது 15 நிமிடம்தான். சிரிப்பு நன்றாக வரும்போது இறங்க மனம் வராது. அந்த வெளிச்சம்தான் இறக்கியது.

தொகுப்பாளர்களுக்குத் தனி வணக்கம். முதல் ஏழு நிமிடத்தில் ஜோக்கைவிட முக்கியமானது, சிதறி வந்தவர்களை ஒரு கூட்டமாக்குவது. யாரையும் புண்படுத்தாமல் அதைச் செய்தீர்கள். ஒருவர் சொன்னது எடுபடாமல் அரங்கம் உறைந்துபோனால், அடுத்தவரை உடனே கூப்பிடாமல் இரண்டு நிமிடம் நீங்களே பேசிச் சூட்டை ஏற்றினீர்கள். ஒருவர் அரங்கத்தையே அதிர வைத்துவிட்டுப் போனாலும் அதே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டீர்கள். அடுத்து வருபவருக்கு அந்த இடைவெளி எவ்வளவு பெரிய உதவி என்பது மேடைக்குப் பின்னால் காத்து நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

நோட்டீஸ் கொடுத்தவர்கள் வெறுமனே தாளை நீட்டவில்லை. என்ன காட்சி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கொடுத்தீர்கள். அதுவும் காட்சிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில், கூடத்துக்கு ஐந்து நிமிட நடைதூரத்துக்குள்.

விழா நீள நீள ஏற்ற இறக்கம் கூடும். நேற்று கூரை பிய்த்துக்கொண்டு போன அதே இருபது நிமிடம், இன்று ஊசி விழும் ஓசையில் முடியும். வார நடுவில் கூட்டம் மெலியும், தொண்டை கட்டும், எழுதியதிலேயே நம்பிக்கை போகும். அப்போது உதவியவை ஒலிப்பதிவுகள். ஒவ்வொரு காட்சியையும் பதிவு செய்து, எங்கே சிரிப்பு வந்தது என்று நிமிடக் கணக்கோடு குறித்துத் தந்த நண்பர்களே, நன்றி. கேட்டுப் பார்த்தால் பலமுறை ஜோக்கில் குற்றமில்லை. முந்தைய சிரிப்பு அடங்கத் தொடங்கும் முன்பே அவசரப்பட்டு அடுத்த வரியைப் பேசியிருக்கிறோம், அல்லது மின்விசிறி இரைச்சலில் முக்கியமான பெயர் தொலைந்திருக்கிறது. மறுநாள் காட்சிக்கு முன் கூடத்தைக் குளிரவைத்து, பேசும் நேரத்தில் விசிறியை நிறுத்தினீர்கள். அதே ஜோக் எழுந்து நின்றது.

கடைசியாக, மழை கூடாரத்துத் தகரத்தில் கொட்டி எங்கள் குரலை மூழ்கடித்த இரவில் எழுந்து போகாமல், நாற்காலிகளை நீங்களே தூக்கி மேடையைச் சுற்றிப் போட்டுக்கொண்ட பார்வையாளர்களே, மைக்கை அணைத்துவிட்டுப் பேச இடம் கொடுத்தீர்கள். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு நன்றி.

என்றும் அன்புடன்,
மேடையேறிய நாங்கள்