ஜீப்பில் தண்ணீர்த் தொட்டி: கூரையிலும் பம்பரிலும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பயணம் போகிற ஃபோர் வீல் ஜீப்புகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கும் வேலை நம் மாவட்டப் பட்டறைகளில் நடந்து வருகிறது. தேவையான வேலைதான். தண்ணீர் பாக்கெட்டுக்கு 2019 ஜனவரி முதல் தமிழகம் முழுக்கத் தடை. நீலகிரிக்குப் போனால் சிறு பிளாஸ்டிக் பாட்டிலையும் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் தொட்டியை வைக்கிற இடம் பல வண்டிகளில் சரியில்லை. ஒன்று கூரைக் கேரியரில் ஏற்றுகிறார்கள், இல்லாவிட்டால் பின் பம்பருக்கு வெளியே தொங்க விடுகிறார்கள்.

80 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் பெட்டி அடித்தால் 40 லிட்டர் பிடிக்கும். 1.5 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் செய்தால், உள்ளே வைக்கும் தடுப்புத் தகடுகளோடு வெறும் பெட்டியே சுமார் 11 கிலோ. தண்ணீர் 40 கிலோ. ஸ்டாண்டு, போல்ட் எல்லாம் சேர்த்து 55 கிலோ வரும். கூரையில் ஓர் ஆளை உட்கார வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவு திரும்ப யாரும் துணிய மாட்டோம். தொட்டி என்றால் மட்டும் துணிகிறோம்.

பம்பர் இன்னும் மோசம். இரண்டு ஆக்சிலுக்கும் இடையே இரண்டரை மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் இந்த 55 கிலோவை மாட்டினால், பின் ஆக்சிலில் ஏறுவது 77 கிலோ. முன் ஆக்சிலில் 22 கிலோ குறைந்துவிடும். கீரிப்பாறையிலிருந்து மாறாமலைக்கு ஏறுகிற மாதிரியான பாதையில், மழை நேரத்தில், ஸ்டியரிங் பிடிமானம் இல்லாமல் லேசாகிவிடும்.

சரியான இடம் பின்சீட்டுக்குப் பின்னால், தரையோடு ஒட்டி, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால். வண்டிக்கு அடியில் வைக்கலாம் என்பார்கள். சைலன்சர் சூடும் கல்லடியும் இருக்கிற இடம் அது, 3 மி.மீ. காப்புத் தகடு இல்லாமல் வைக்கவே கூடாது.

தரைத் தகடு மெல்லியது. அதில் போல்டை மட்டும் முடுக்கினால் குலுக்கலில் துளை கிழிந்து பெரிதாகும். அடியில் 75 மி.மீ. சதுரத்துக்கு 3 மி.மீ. தகடு கொடுத்து, 8 மி.மீ. ஹைடென்சில் (அதிக வலுவுள்ள) போல்டும், குலுக்கலில் கழலாத நைலாக் நட்டும் போட வேண்டும். துளை போட்ட விளிம்பில் உடனே பிரைமர் அடித்துவிடுங்கள். நம்மூர் உப்புக்காற்றில் துரு முதலில் பிடிப்பது அங்கேதான். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே ரப்பர் கட்டாயம். ஆனால் குலசேகரம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று தோட்டத்து ரப்பர் ஷீட்டை வெட்டிப் போடாதீர்கள். பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகிப் பசை மாதிரி ஒட்டும். பழைய கன்வேயர் பெல்ட் துண்டு போதும்.

தகடு 304 தரம், ஆர்கான் வெல்டிங். வெல்டிங்கின் கறுப்பை உள்பக்கமும் பிக்கிளிங் பேஸ்ட் (எஸ்.எஸ். வெல்டிங் கறையை நீக்கும் அமிலப் பசை) போட்டு எடுத்து, நன்றாகக் கழுவ வேண்டும். எடுக்காமல் விட்டால் அந்தக் கோட்டிலேயே பழுப்புப் புள்ளிகள் வரும். உள்ளே குறுக்கே இரண்டு தடுப்புத் தகடு வேண்டும். மூலைகளில் மேலும் கீழும் 20 மி.மீ. வெட்டிவிட்டால் தண்ணீரும் காற்றும் போய்வரும். தடுப்பு இல்லாத தொட்டி பாதி நிறைந்திருக்கும்போதுதான் அதிகம் அலைமோதும், வளைவில் வண்டியையே இழுக்கும். பூச்சிமருந்து, அமிலம் வந்த பழைய கேன்களைத் தொட்டியாக்குவது எந்த விலைக்கும் வேண்டாம்.

பலரும் மறப்பது காற்றுக்குழாய். அது இல்லாவிட்டால் முதலில் தண்ணீர் நன்றாக வரும், பிறகு நூலாகும், பிறகு நிற்கும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். பம்பு வைத்த பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் பக்கச்சுவரே உள்வாங்கிவிடும். நிரப்பும் வாயைவிட உயரத்தில் குழாயை ஏற்றி, நுனியைக் கீழ்நோக்கி வளைத்து, எறும்பு புகாதபடி வலை கட்டினால் போதும்.

40 லிட்டருக்கு மின்பம்பு அவசியமில்லை என்பது என் கருத்து; கால்பம்பே போதும். மின்பம்பு வைத்தே தீர வேண்டுமானால் 12 வோல்ட் டயாஃபிரம் பம்பு, அதற்கு முன்னால் வலை வடிகட்டி, பேட்டரியை ஒட்டியே 10 ஆம்பியர் ஃபியூஸ், தனி ஸ்விட்ச். இரவில் ஸ்விட்சை அணைக்காவிட்டால், எங்கோ ஒரு சொட்டுக் கசிவுக்காகப் பம்பு விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் உணவுத்தரமாக இருக்கட்டும். செடிக்குத் தண்ணீர் விடுகிற தோட்டத்துக் குழாயை மாட்டினால், அதில் வரும் தண்ணீரில் போடுகிற கட்டன்சாயாவைக்கூடக் குடிக்க முடியாது.

புதுத் தொட்டியை நிரப்பி, லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் (கிருமி கொல்லும் குளோரின் திரவம்) கலந்து, நான்கு மணி நேரம் வைத்துக் கொட்டி, வாசனை போகும்வரை அலசுங்கள். எஸ்.எஸ். தொட்டியில் இரவு முழுக்க விட்டால் தகட்டில் குழி விழலாம். பின்பு நல்ல தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். (உங்கள் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன்.) கரடுமுரடான பாதையில் ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து எல்லாப் போல்டையும் மறுபடி முடுக்க வேண்டும்.

தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. எனவே சேஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) வெல்டிங் வைப்பதும் துளை போடுவதும் கூடாது. கழற்றி எடுக்கும்படியான தொட்டியை எந்த அளவுவரை, எந்த இடத்தில் வைக்கலாம் என்று நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் தமிழில் ஒரு பக்க அறிவிப்பு ஒட்டினால், பட்டறைக்காரர்களுக்கும் வண்டி உரிமையாளர்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாகனப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.