விடுதிக் கீசர்களை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்கள் மின்கட்டணத்தைக் குறைக்கக் கூரையெங்கும் சூரியத் தகடு பதிக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பதிக்கட்டும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மாணவர் விடுதிகளில் மின்சாரம் எகிறுவது காலை ஆறு, ஏழு மணிக்கும் இரவிலும்தான். அப்போது வெயில் ஏது? அந்த நேரத்தில் மின்சாரத்தைக் குடிப்பது கீசர்.

பல்கலைக்கழகம் போன்ற பெரிய நுகர்வோர் யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை. மாதத்தில் எந்த அரைமணி நேரத்தில் மிக அதிகமாக இழுத்தார்களோ, அந்த உச்சத்துக்கும் கேவிஏ (மின்சுமையின் அளவு) கணக்கில் தனிக் கட்டணம் உண்டு. ஒரு விடுதியில் 150 லிட்டர், 3 கிலோவாட் கீசர்கள் 36 என்று வைத்துக்கொள்வோம். காலைக் குளியல் முடிகிற நேரத்தில் எல்லா தெர்மோஸ்டாட்டும் சேர்ந்தே 'ஆன்' ஆகியிருக்கும். மொத்தம் 108 கிலோவாட். கரண்ட் போய் வந்தாலும் இதே கதைதான்.

இதற்குப் பெரிய செலவில்லாத வழி உண்டு. கீசர்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தொகுதிகளாகப் பிரித்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை முறை வைத்து ஓட்டலாம். நேரவாரிக் கட்டணத்தில் வார நாட்களில் மலிவான நேரமும் அதுதான். தொகுதிக்கு 2 மணி 40 நிமிடம் கிடைக்கும். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 7 யூனிட் தேவை. 3 கிலோவாட் எலிமெண்டுக்கு அது 2 மணி 20 நிமிட வேலை. 108 கிலோவாட் 36 ஆகிவிடும். மாலைக் குளியலுக்கு நண்பகலில் இன்னொரு சுற்று விடலாம். நீங்கள் சொல்லும் சூரியத் தகடு அங்கேதான் உதவும்.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் டைமரில்தான் கெடுகிறது. பல் சக்கரம் வைத்த மலிவு டைமர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். சுழற்சி மின்வெட்டு 2024-க்குப் பிறகு பெரும்பாலும் அடங்கினாலும் கேபிள் பழுது ஓயவில்லை. இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் டைமர் இரண்டு மணி நேரம் பிந்தும், விடியற்காலை 3.20-க்குத் தொடங்க வேண்டிய மூன்றாம் தொகுதி 5.20-க்குத் தொடங்கி, விலை கூடிய காலை உச்சத்துக்குள் நுழைந்துவிடும். யாரும் போய்த் திருத்தாவிட்டால் மாதக் கணக்கில் அப்படியே ஓடும். ஆகவே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரே வேண்டும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். அதை டைமரின் தொடர்பு முனைகள் வழியாகவே ஓட்டினால் நாளடைவில் அவை கருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு கீசர் அணையவே அணையாது. நடுவில் 25 ஆம்பியர் கான்டாக்டர் (அதிக மின்னோட்டம் தாங்கும் தானியங்கி ஸ்விட்ச்) போட்டுவிட்டால் தொல்லையில்லை.

சிக்கனம் என்று தெர்மோஸ்டாட்டை 45 டிகிரிக்கு இறக்குகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 20 முதல் 45 டிகிரி வரை நிமோனியா தரும் லெஜியோனெல்லா கிருமி வளரும். 60-இல் வைப்பதே சரி.

கூரைக்கு வெளியே நீட்டியிருக்கும் கீசர் வடிகுழாய்களையும் பாருங்கள். தண்ணீர் சூடாகும்போது கொஞ்சம் சொட்டுவது இயல்பு. நாள் முழுக்கச் சொட்டினால் குழாயைக் கவனமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருந்தால் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வில் கோளாறு, தண்ணீர்தான் நஷ்டம். சூடாக இருந்தால் பாதுகாப்பு வால்வு கெட்டுப்போயிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினாலும் நாளுக்கு 144 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு கீசர் வெந்நீர்!

ஷவரைச் சோதிக்க ஒரு வாளி போதும். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் ஷவர் தலையை மாற்றலாம்.

புதுக் கட்டடங்களில் வெந்நீரில் பாதியையாவது மின் எலிமெண்ட் இல்லாமல் சூடாக்க வேண்டும் என்று 2011 முதல் கட்டட விதி (சான்ஸ் 10400-எக்ஸ்ஏ) இருக்கிறது. பழைய விடுதிகள் அதில் தப்பிவிட்டன. அங்கே ஹீட் பம்ப் (காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) வைத்தால் ஒரு யூனிட்டில் ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனால் கடற்கரையை ஒட்டிய இடமென்றால் உப்புக்காற்று தாங்கும் பூச்சுள்ள சுருள் வேண்டும். பம்ப் நின்றால் கைகொடுக்கும் மாற்று எலிமெண்டுக்கு ஒரு சிவப்பு விளக்கும் வைக்க வேண்டும். இல்லையேல் பம்ப் செத்தாலும் எலிமெண்ட் சத்தமில்லாமல் வேலை செய்யும். பில் வந்தால்தான் தெரியும்.

தேசிய மின் நிறுவனமான எஸ்காமின் விலை மிகவும் கூடிய காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நடுவில் விடுமுறையும் வருகிறது. ஆளில்லாத விடுதியில் கீசர்கள் எதற்கு? விடுமுறைக்கு முன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மாணவர் திரும்புவதற்கு முந்தைய நாள் 60 டிகிரிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயையும் ஷவரையும் சில நிமிடம் திறந்துவிட்டுத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றினால் போதும்.

இப்படிக்கு,
மின் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
டர்பன்.