ஓவியத்தோடு பட்டறையையும் பதிவு செய்யுங்கள்: வியட்நாம் அருங்காட்சியகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஹோ சி மின் நகர நுண்கலை அருங்காட்சியகம், ஹனோயில் உள்ள வியட்நாம் தேசிய நுண்கலை அருங்காட்சியகம் ஆகியவற்றின் இயக்குநர்கள் மற்றும் காப்பாட்சியர்கள்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அரக்கு ஓவியர் நுயென் ஜா திரியின் (1908–1993) இரு பெரும் படைப்புகள் தேசியப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்டு உங்கள் இரு நிறுவனங்களின் பொறுப்பில் இருக்கின்றன. 1939இல் செய்யப்பட்ட எட்டுப் பலகைத் தடுப்புத் திரை ஹனோயில் உள்ளது. 1969இல் தொடங்கி 1989இல் முடிக்கப்பட்ட ஒன்பது பலகை ‘நடு, தெற்கு, வடக்கின் வசந்தத் தோட்டம்’ ஹோ சி மின் நகரில் உள்ளது. இவை போன்ற படைப்புகளுக்கு அருகே வைக்கப்படும் குறிப்புகள் ஓவியர் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு என்ற நான்கோடு வழக்கமாக நின்றுவிடுகின்றன. ஒவ்வோர் அரக்கு ஓவியத்துக்கும் அது உருவான பட்டறையின் வரலாற்றையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். தமிழகத்திலிருந்து உங்கள் ஊர்களுக்கு வருவோர் பெருகிவரும் காலம் இது என்பதால், இதைத் தமிழில் எழுதுவதும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு இந்தக் கோரிக்கை இவ்வளவு அவசரமானதாக இராது. சோன் மாய் எனப்படும் உங்கள் அரக்கு ஓவியத்தின் நிலை வேறு. வடக்கு வியட்நாமின் ஃபூ தோ மலைப்பகுதி மரங்களில் கீறி எடுக்கப்படும் பால்தான் அதன் மூலப்பொருள். தோலில் பட்டால் கொப்புளம் எழுப்பும் அந்தப் பாலை இரும்புக் கம்பியால் நாள்கணக்கில் கிண்டினால் கறுப்பாகும், மரத்துடுப்பால் கிண்டினால் கரப்பான் இறகின் பழுப்பு நிறம் பெறும். மற்ற வண்ணங்கள் உலர வெயிலும் காற்றும் வேண்டும். இதற்கோ ஈரம் வேண்டும். வறண்ட காற்று வீசும் நாள்களில் பூச்சு இறுகாமல் பிசுபிசுத்துக் கிடக்கும் என்பதால், நனைத்த துணி தொங்கவிட்ட மூடிய அறைக்குள் பலகையை வைத்துக் காக்கிறார்கள். ஆக, ஓர் ஓவியர் எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எப்படிப்பட்ட அறையில் வேலை செய்தார் என்பது அவருடைய வாழ்க்கைக் குறிப்பு மட்டுமன்று, அந்தப் பலகையின் மேற்பரப்பையே தீர்மானித்த காரணமும் ஆகும்.

நுயென் ஜா திரியின் முதல் பட்டறை ஒரு பள்ளிக்கூடம். பிரெஞ்சு ஓவியர் விக்தோர் தார்தியூவும் வியட்நாமிய ஓவியர் நாம் சோனும் முன்னின்று உருவாக்கி, 1925இல் ஹனோயில் திறக்கப்பட்ட இந்தோசீன நுண்கலைப் பள்ளியில், ஓவிய ஆசிரியர் ஜோசப் அங்கிம்பெர்த்தி கோயில்களின் அரக்கு வேலைப்பாட்டைக் கண்டு வியந்து, அதை மாணவர்களின் பாடமாக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இந்த அளவு பல நூல்களிலும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடும் பெயர் தின் வான் தான். பள்ளிக்கு அழைக்கப்பட்ட அரக்குத் தொழிலாளியான அவரும் மாணவர்களும் சேர்ந்து, அரக்கோடு பைன் பிசினைக் கலந்தால் பூச்சு தேய்ப்புக்குத் தாங்கும் அளவுக்குக் கெட்டிப்படும் என்று கண்டறிந்தார்கள். பூசுவதோடு நின்றிருந்த அலங்காரத் தொழில், பூசிய அடுக்குகளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து உள்ளிருக்கும் உருவத்தை வெளிக்கொணரும் ஓவியமாக மாறியது அந்தப் பட்டறையில்தான். பட்டம் பெற்றவர்களின் பெயர் சுவரில் நிற்க, கலவையைக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் அடிக்குறிப்புக்குள் ஒதுங்கியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1936இல் பள்ளியை முடித்த நுயென் ஜா திரி ஹனோயில் தமக்கென்று பட்டறை அமைத்துக்கொண்டார். பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்தபடியே, பெரிய தடுப்புத் திரைகளை அவர் செய்து முடித்த காலம் அது. அந்தத் திரைகளில் வெண்மை என்பது வண்ணமே அன்று. அரக்கில் தூய வெள்ளை கிடைக்காது, எந்த வெள்ளைப் பொடியைக் கலந்தாலும் பழுப்பேறிவிடும் என்பதால் முட்டை ஓட்டைக் கொண்டு வெண்மையை உண்டாக்குகிறார்கள். ஓட்டின் உட்புறச் சவ்வை உரித்துவிட்டு, ஈர அரக்கின் மேல் அதைக் கவிழ்த்து மெல்லத் தட்டினால் அது வலைபோல் வெடிக்கும். வெடிப்புகளுக்குள் கரிய அரக்கு ஏறும். காய்ந்தபின் மேலும் பல பூச்சுகளால் மூடித் தேய்க்கும்போது வெண்மை மெல்ல எழுந்து வரும். ஓட்டைச் சற்று வாட்டி எடுத்தால் பழுப்புச் சாயல் கிடைக்கும். ஒரு பெண்ணின் ஆடை எவ்வளவு வெளுத்துத் தெரிய வேண்டும் என்பதை அங்கே தேய்க்கும் கை நிறுத்தும் இடமே முடிவு செய்கிறது.

பிறகு அரசியல் காரணமாகக் கைது, சோன் லா சிறை, 1946இல் ஹாங்காங், 1950களில் சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) என்று அவர் வாழ்க்கை சிதறியது. நாடு இரண்டாகப் பிரிந்தபின் ஃபூ தோ அரக்கு தெற்கே வருவது அரிதாகியது. தென்பகுதிப் பட்டறைகள், புனோம் பென் வழியாக வந்த கம்போடிய அரக்கைக் கையாளப் பழகின. அது வேறு மரத்தின் பால், அது இறுகும் விதமும் வேறு. இருபது ஆண்டுகள் நீண்ட ‘வசந்தத் தோட்டம்’ போன்ற ஒரு படைப்பில் எந்தப் பலகையில் எந்த அரக்கு இருக்கிறது, எந்த அடுக்கு போர் முடியும் முன்பு பூசப்பட்டது, எது 1975க்குப் பின் பூசப்பட்டது என்பன அந்தப் பட்டறையின் நாள்வழி தெரியாமல் விளங்கக்கூடிய செய்திகளா? அவரிடம் பல ஆண்டுகள் பயின்ற நுயென் சுவான் வியெட் ஆசிரியரின் பேச்சைக் குறித்து வைத்ததால் ஒரு பகுதி தப்பியது. ஒரு மாணவரின் நோட்டுப்புத்தகத்தை நம்பித்தான் ஒரு தேசியப் பொக்கிஷத்தின் நினைவு இருந்தது என்பது பெருமைப்படத்தக்க செய்தி அன்று.

இதன் விலை என்ன என்று 2019இல் நீங்களே கண்டீர்கள். ‘வசந்தத் தோட்ட’த்தைத் தூய்மைப்படுத்தும் பணியில் பாத்திரம் கழுவும் திரவமும் மெருகுப் பொடியும் நுண்ணிய உப்புத்தாளும் பயன்படுத்தப்பட்டதாகவும், ஓவியத்தின் ஆழம் குன்றிவிட்டதாகவும் அந்த ஆண்டு ஏப்ரலில் செய்திகள் வந்தன. அந்தப் பணி ஒன்றும் அறியாதவரிடம் தரப்படவில்லை, அரக்குத் தொழிலில் இருந்தவரிடமே தரப்பட்டது. இதைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். புதிய பலகையைத் தேய்த்து மெருகேற்றுவது பட்டறையின் அன்றாட வேலை. மங்கியதைக் கண்டால் தேய்க்கத் தோன்றுவது அந்தக் கைக்கு இயல்பு. ஓவியர் தாமே ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று நிறுத்திய மேற்பரப்பில் மேலும் ஒரு தேய்ப்பு என்பது, அவர் விட்டுவைத்த அடுக்கை எடுத்துவிடுவதாகும். பொதுவான தொழிலறிவு ஒரு குறிப்பிட்ட பட்டறையின் அறிவுக்கு ஈடாகாது. அவர் எங்கே நிறுத்தினார் என்று சொல்லும் ஆவணம் கோப்பில் இருந்திருந்தால், உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்னரே யாரேனும் தடுத்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

எனவே நான் கேட்பவை இவை. உங்கள் சேகரிப்பில் உள்ள அரக்கு ஓவியங்களில், ஓவியரோடு வேலை செய்த உதவியாளர்களும் மாணவர்களும் உயிரோடிருக்கும் படைப்புகளை முதலில் எடுத்துக்கொண்டு, அவர்களை ஓவியத்தின் முன் அமர்த்தி, அடுக்கு அடுக்காக நினைவுகூரச் செய்து பதிவு செய்யுங்கள். பலகை யார் செய்தது, துணியும் களிமண்ணும் எத்தனை முறை ஏறின, அரக்கு எங்கிருந்து வந்தது, இறுதி மெருகை உள்ளங்கையால் யார் தேய்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அதே முறையில் சிறு மாதிரிப் பலகைகளைச் செய்வித்து வைத்துக்கொண்டால், நாளை எந்தத் தூய்மைப் பணியையும் முதலில் அவற்றின் மீது சோதிக்கலாம். பார்வையாளர் தொட்டுப் பார்க்கவும் ஒன்றிரண்டை வெளியே வைக்கலாம். செலவைக் காரணம் காட்டுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். சேதமுற்ற ஒன்பது பலகைகளை மீட்கும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதே என் பதில்.

ஹனோய் அருகிலுள்ள ஹா தாய் ஊரிலும், தெற்கே தூங் பின் ஹியெப் ஊரிலும் இன்றும் அரக்குப் பட்டறைகள் இயங்குகின்றன. அவற்றில் பல, விரைவாக உலரும் செயற்கைப் பூச்சுக்கு மாறிவிட்டன. பிழைப்பு நடத்த வேண்டியவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் மரப்பாலின் குணம் அறிந்த கைகள் அங்கே குறைந்துகொண்டே வருவதால், இந்தப் பதிவை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போடாமல், இவ்வாண்டிலேயே குறைந்தது ஓர் ஓவியத்திலிருந்தாவது தொடங்கி, எந்த ஓவியம் என்பதைப் பொதுமக்களுக்கு அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவியப் பார்வையாளர்