நாசி கோரெங் செய்முறை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பகுதியில் இந்தோனேசியாவின் நாசி கோரெங் பற்றிய கட்டுரையையும் செய்முறையையும் படித்தேன். தள்ளுவண்டி உணவு ஒன்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், அது காரம் கூட்டிய சீன ஃப்ரைடு ரைஸ்தான் என்றும், சோயா சாஸும் மிளகாய்த்தூளும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம் என்றும் கட்டுரையாளர் முடித்திருப்பதை ஏற்க இயலவில்லை. வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் ஜகார்த்தாவில் குடியிருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மீந்த சோற்றை எண்ணெயில் வதக்கும் வழக்கம் சீனர்கள் வழியாக அங்கே வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜாவாவின் அடுப்பில் அது வேறோர் உணவாகிவிட்டது. அங்கே காரம் கடைசியில் தூவப்படுவதில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, சிவப்பு மிளகாய், அளவில் சிறுத்தாலும் காரத்தில் கடுமையான ராவிட் மிளகாய், இவற்றோடு தெராசி எனப்படும் புளிக்கவைத்த இறால் விழுது ஆகியவற்றைக் கல்லில் நசுக்கி அரைத்து, அந்த விழுதைத்தான் முதலில் எண்ணெயில் போடுகிறார்கள். தெராசியின் பச்சை வாடை அடங்கும்வரை அதை வதக்க வேண்டும். அப்போது எழும் நெடியில் வண்டியைச் சுற்றி நிற்பவர்கள் தும்முவார்களே தவிர, யாரும் இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். முட்டையும் சோறும் அதன் பிறகுதான். சோறு ஆறியதாக இருப்பது கட்டாயம். ஆறிய சோற்றில் மாவுச்சத்து இறுகி மேல்ஈரமும் வற்றிவிடுவதால், பருக்கைகள் குழையாமல் தனித்தனியாக நின்று விழுதை ஏற்றுக்கொள்கின்றன.

பிறகு கெச்சாப் மானிஸ். சோயாவுடன், தென்னை, பனை இன மரங்களிலிருந்து எடுக்கும் வெல்லத்தைச் சேர்த்துக் காய்ச்சிய, தேன்போல் கெட்டியான கருஞ்சாறு அது. கொதிக்கும் வாணலியில் பட்டதும் அதிலுள்ள வெல்லம் இலேசாகக் கருகி, சோற்றுக்குப் பழுப்பு நிறத்தையும் புகை மணத்தையும் தருகிறது. முதல் வாயில் இனிப்பு முந்திக்கொள்ள, காரம் சற்றுத் தாமதித்துத் தொண்டைக்கு வருகிறது. கண்ணில் நீர் வரவழைக்கும் உணவை மறுநாளும் தேடிப் போகவைப்பது இந்த இரண்டின் கூட்டுதான் என்பது என் துணிபு. மேலே பொரித்த முட்டை, ஓரமாக வெள்ளரிக்காய் ஊறுகாய், கெருபுக் என்னும் அப்பளம். இவை இல்லாத தட்டை அங்கே முழுத் தட்டாகக் கருத மாட்டார்கள்.

இந்தோனேசியச் சுற்றுலா அமைச்சகம் 2018-இல் தேர்ந்தெடுத்த ஐந்து தேசிய உணவுகளில் நாசி கோரெங்கும் ஒன்று. ஆனாலும் அதன் உண்மையான இடம், இரவில் கரண்டியால் வாணலியைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாக வரும் தள்ளுவண்டிதான். எவ்வளவு காரம் வேண்டும் என்று கேட்டு, அதற்கேற்ப மிளகாய் சேர்த்து, பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் தனியாகவே வதக்கிக் கொடுக்கிறார்கள். ஜகார்த்தாவின் கெபோன் சிரிஹ் பகுதியில் 1958 முதல் விற்கப்படும் ஆட்டிறைச்சி நாசி கோரெங்குக்குப் பெருங்கூட்டம் கூடும். அதில் ஏலம், பட்டை மணக்கும். சுலாவேசித் தீவின் மக்காசர் நகரில் கெச்சாப்புக்குப் பதிலாகத் தக்காளி, மிளகாய்ச் சாறுகள் சேர்ந்து சோறு சிவந்துவிடும். ஜாவாவின் யோக்யகர்த்தா நகரில் இன்றும் கரியடுப்பில் வதக்குகிறவர்கள் உண்டு. இத்தனை வகைகளையும் மிளகாய்த்தூள் சேர்த்த ஃப்ரைடு ரைஸ் என்று ஒரே வரியில் அடக்கியது நியாயமில்லை.

கட்டுரையாளர் கெச்சாப் மானிஸும் தெராசியும் இங்கே எளிதில் கிடைக்காது என்பதால்தான் அவற்றை விட்டிருப்பார் என நினைக்கிறேன். அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். சோயா சாஸில் அதே அளவு கருப்பட்டியைப் போட்டுச் சிறுதீயில் பாகாகும்வரை காய்ச்சினால் கெச்சாப்புக்கு மிக நெருங்கிய சுவை கிடைக்கிறது. சாஸிலேயே உப்பு இருப்பதால் சோற்றுக்குத் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. தெராசிக்குப் பதிலாக, கருவாட்டுக் கடைகளில் கிடைக்கும் சென்னாக்குன்னியை வெறும் வாணலியில் மணம் வர வறுத்துப் பொடித்து, மிளகாய் விழுதோடு சேர்த்து அரைக்கலாம். புளித்த மணம் மட்டும் அதில் வராது. இரண்டு பேருக்கான சோற்றுக்கு ஒரு தேக்கரண்டி பொடி போதும்.

தங்கள் நீண்டகால வாசகர்,
திருச்சி