துணிக்கொடி கட்ட ஒரு வாரம் இடம் வேண்டும்

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். போன மாதக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்பைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினோம். நாங்கள் ஐந்து பெண்கள் வைத்த கோரிக்கை இரண்டே நிமிடத்தில் தள்ளுபடி ஆகிவிட்டது. அன்று சொல்ல விடாததை இப்போது எழுதுகிறேன். நோட்டீஸ் போர்டிலும் ஒட்டப் போகிறேன்.

மார்ச் 8 அன்று வழக்கமான கோலப்போட்டி நடக்கட்டும், ஹாட்பாக்ஸ் பரிசும் கொடுங்கள். கூடவே பார்க்கிங் ஓரமாக ஒரு வாரம் துணிக்கொடி கட்ட அனுமதி கேட்டோம். வீட்டிலோ வெளியிலோ அடியும் தொல்லையும் பட்ட பெண்கள், தங்களுக்கு நடந்ததைச் சட்டைகளில் எழுதியோ வரைந்தோ அதில் தொங்கவிடுவார்கள்.

"இதென்ன புதுப் பழக்கம்?" என்றார் செயலாளர் சார். புதிது ஒன்றுமில்லை சார். 1990இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹயானிஸ் என்ற ஊரின் பொதுத்திடலில் பெண்கள் சிலர் இப்படித்தான் 31 சட்டைகளைக் கொடியில் போட்டார்கள். வியட்நாம் போரில் 58,000 அமெரிக்கப் படையினர் இறந்த அதே காலத்தில், அன்பு வைத்திருப்பதாகச் சொன்ன ஆண்களின் கையாலேயே 51,000 பெண்கள் செத்தார்கள் என்றொரு கணக்கு அந்தப் பெண்களுக்குக் கிடைத்திருந்தது. படையினருக்கு நினைவுச்சுவர் எழுப்பியாயிற்று. இவர்களுக்கு?

ஏன் துணிக்கொடி என்று கேட்டால், துணி காயப்போடும் நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரியிடம் நாலு வார்த்தை பேச முடியும் என்றார்கள். இதை அமெரிக்காக்காரி வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் வீட்டில் ராத்திரி என்ன சத்தம் என்று நம் மொட்டைமாடியில் ஒரு வாளித் துணி உலர்த்தி முடிப்பதற்குள் தெரிந்துவிடும். படி இறங்கியதும் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறோம், நான் உட்பட.

சட்டையின் நிறத்துக்கும் அவர்கள் ஒரு பொருள் வைத்தார்கள். கொலையுண்டவர்களுக்கு வெள்ளை. அடிபட்டவர்களுக்கு மஞ்சள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குச் சிவப்பு. சிறுவயதில் சொந்தக் குடும்பத்து ஆளாலேயே சீரழிக்கப்பட்டவர்களுக்கு நீலமும் பச்சையும். எழுத்தே தெரியாதவர் பார்த்தாலும் புரியும்.

அவ்வளவு தூரம் எதற்கு, பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா 2003இல் தொடங்கிய, தெருவில் பெண்களுக்கு வரும் தொல்லையை எதிர்க்கும் 'பிளாங்க் நாய்ஸ்' இயக்கம் இருக்கிறதே. தொல்லைக்கு ஆளானபோது உடுத்தியிருந்த உடையைக் கொண்டுவாருங்கள் என்று பெண்களிடம் கேட்டார்கள். வந்தவற்றில் சுடிதார், புடவை, பள்ளிச் சீருடை எல்லாம் உண்டு. "நீ என்ன உடுத்தியிருந்தாய்?" என்ற கேள்வியை அந்தத் துணிகளுக்கு எதிரே நின்று கேட்க யாருக்கு வாய் வரும்?

பொருளாளர் சார் சொன்னது வேறு. "பிளாக்குக்குக் கெட்ட பேர் வரும், வாடகைக்கு ஆள் வராது." 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள். நம் வளாகத்தில் 96 வீடுகள். கணக்கை நீங்களே போடுங்கள் சார், வரவு செலவு பார்ப்பவர் நீங்கள்தானே.

ஒரு சிக்கலை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இங்கே எந்த நைட்டி எந்த வீட்டுடையது என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். சொந்தத் துணியைப் போட்டால் அடுத்த நிமிடமே ஆள் தெரிந்துவிடும், அப்புறம் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் திருப்பூர் செகண்ட்ஸ் டி-ஷர்ட்டுகளை எல்லா நிறத்திலும் வாங்கி வைத்திருக்கிறோம். வேண்டியவர் எடுத்துப்போய் எழுதி, மாடிப்படிக்குக் கீழே உள்ள பெட்டியில் போட்டுவிடலாம். பெயர் வேண்டாம், வீட்டு எண்ணும் வேண்டாம். எழுத மனமில்லாதவர் வெறும் சட்டையைப் போட்டாலும் தொங்கவிடுவோம். கொடியின் ஒரு முனையில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எழுதி வைப்போம்.

பதிலுக்கு நீங்கள் ஒரு ஓவியரை வைத்துச் சுவரில் பாரதமாதா வரையலாம் என்றீர்கள். வரையுங்கள், அழகாகத்தான் இருக்கும். எங்கள் கோரிக்கை அப்படியேதான் நிற்கிறது.

கயிறும் க்ளிப்பும் எங்கள் செலவு. மழை வந்தால் நாங்களே எடுத்துவிடுவோம். பார்க்கிங்கில் அந்த இரண்டு தூண்கள் மட்டும் போதும். அடுத்த கூட்டத்தில் இதை லிஃப்டுக்கு முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக், இரண்டாம் மாடியிலிருந்து